ஏணியில் ஏறாதவர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சன் பிரெய்ரி என்றோர் ஊர் உண்டு. ஓவியத்தில் நாட்டமுள்ள நண்பர்கள் அதனை ஜார்ஜியா ஓ'கீஃப் 1887-இல் பிறந்த இடமாக அறிந்திருக்கக்கூடும். மோட்டார்ப் பந்தய உலகில் அவ்வூருக்கு வேறொரு சிறப்பு. ஏஞ்சல் பார்க் என்னும் மூன்றில் ஒரு மைல் நீளமுள்ள மண் தடம் அங்கிருக்கிறது. ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் நெடுங்காலம் தம் உரிமையில் வைத்திருந்த தடம் அது. மிட்ஜெட் கார்ப் பந்தயத்துக்கான தேசியப் புகழ் மண்டபம் 1984-இல் அத்தடத்தைச் சார்ந்துதான் தொடங்கப்பட்டது. வண்டி ஓட்டியவர்கள், வண்டி கட்டியவர்கள், மெக்கானிக்குகள், பந்தயம் நடத்தியவர்கள் எனப் பலருடைய பெயர்கள் அதில் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களில் பாதியை அமெரிக்கர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு துறையின் மிகப் பெரியவர்கள் அத்துறையின் வேலிக்கு வெளியே அறியப்படாமல் போவது எப்படி, அத்தகையோரைப் போற்றுவது என்றால் உண்மையில் எதைப் போற்றுவது என்னும் கேள்விகளே இதனை எழுதத் தூண்டின.

மிட்ஜெட் கார் என்பது பெயருக்கேற்பச் சிறிய வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ ஆறடிதான். எடை நானூறு கிலோவை ஒட்டி நிற்கும். அவ்வளவு சிறிய உடலில் இன்று பொருத்தப்படுவதோ 350 குதிரைத்திறனையும் தாண்டும், மெத்தனாலில் இயங்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின். நம் தெருவில் ஓடும் சிறிய காருக்கு அதைப்போல் இரு மடங்கு எடை. திறனோ ஐந்தில் ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க. வண்டியில் ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ளிக் கிளப்பிவிட வேண்டும். கால் மைலோ அரை மைலோ நீளமுள்ள முட்டை வடிவத் தடத்தில், பெரும்பாலும் களிமண் தரையில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்ற வேண்டும். வளைவில் பின்சக்கரங்கள் வெளிப்புறமாக வழுக்கிச் செல்லும். ஓட்டுபவர் முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை வளைக்கிறார். முதன்முறை பார்ப்பவருக்கு ஒவ்வொரு வளைவிலும் வண்டி கவிழப்போவதாகவே தோன்றும். சில வேளைகளில் கவிழவும் செய்யும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மிட்ஜெட் என்பது உயரம் குறைந்த மனிதர்களைக் குறிக்க ஒரு காலத்தில் வழங்கிய சொல். இன்று அமெரிக்காவில் அவர்களுடைய அமைப்பு அதனை வசைச்சொல்லாகவே கருதிக் கைவிடக் கோருகிறது. பந்தயக்காரர்களோ, இது வண்டியின் பெயர், எண்பது தொண்ணூறு ஆண்டுப் பெயர் என்கிறார்கள். மனிதரைக் குறிக்கும்போது அச்சொல் ஒழிய வேண்டியதே. வண்டிக்கு வழங்கும் பெயரும் என்றேனும் மாறினால் வரலாறு ஒன்றும் அழிந்துவிடாது என்பது எமது எண்ணம். தமிழில் 'குறுங்கார்' என எழுத ஆசைதான். ஆயினும் அவ்வுலகத்தார் இன்றுவரை தம் வண்டிக்கு வழங்கும் பெயரை நாமாக மாற்றி எழுதினால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே மங்கிவிடும். ஆகவே மிட்ஜெட் என்றே எழுதுகிறோம்.

இவ்வாட்டம் பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் குழந்தை. 1933 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில், ஹியூஸ் மைதானத்தில், முறையாக ஒழுங்கு செய்யப்பட்ட முதல் மிட்ஜெட் பந்தயம் நடந்ததாகப் பதிவு. பெரிய பந்தய வண்டி கட்டப் பணமில்லாத காலம். கிடைத்த உலோகத்தையும் மோட்டார் சைக்கிள் இன்ஜினையும் படகு இன்ஜினையும் கொண்டு கொட்டகைகளில் வண்டி கட்டினார்கள். ஓட்டத் தனித் தடம் வேண்டியதில்லை. கால்பந்து மைதானத்தின் ஓரத்து ஓட்டப்பாதையே போதும். சில்லறைக் காசுக்கு மின்விளக்கு வெளிச்சத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க முடிந்ததால் மக்கள் திரண்டார்கள். மறு ஆண்டே, 1934-இல், இப்பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கில்மோர் ஸ்டேடியம் லாஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்டது. ஹாலிவுட் நட்சத்திரங்களும் பட்டறைத் தொழிலாளரும் ஒரே வரிசைப் பலகைகளில் அமர்ந்து பார்த்த இடம் அது. அவ்வாண்டு நன்றி நவிலல் திருநாளிரவில் தொடங்கிய 'டர்க்கி நைட்' பந்தயம் தடம் மாறித் தடம் மாறி இந்த நூற்றாண்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சில ஆண்டுகள் இவ்வாட்டத்துக்குப் பொற்காலம். ஓட்டுநர் ஒருவர் விரும்பினால் வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் ஏதேனும் ஓர் ஊரில் பந்தயம் ஓடலாம். பிறகு ஸ்டாக் கார்கள் வந்தன, தொலைக்காட்சியும் வந்தது. தொலைக்காட்சி பார்வையாளர்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது என்று சொல்வதுண்டு. கில்மோர் ஸ்டேடியத்தின் கதியில் அது உவமையாக நிற்கவில்லை: 1950-களின் தொடக்கத்தில் மைதானம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் சி.பி.எஸ். நிறுவனத்தின் 'டெலிவிஷன் சிட்டி' எழுந்தது.

இனி நம் வழக்குக்கு வருவோம். இப்பந்தயத்தின் வரலாறு எங்கு எழுதப்பட்டாலும் ஒரு பட்டியல் தவறாமல் வரும். ஏ.ஜே. ஃபோய்ட் இங்கிருந்துதான் போனார். மரியோ ஆண்ட்ரெட்டி இங்கிருந்துதான் போனார். ஜெஃப் கோர்டன், டோனி ஸ்டூவர்ட் இங்கிருந்துதான் போனார்கள். போனது எங்கே? இண்டியானாபொலிஸ் 500-க்கும் நாஸ்காருக்கும் ஃபார்முலா ஒன்றுக்கும். பட்டியலில் பொய்யில்லை. அகதி முகாமில் சில ஆண்டுகள் கழித்துவிட்டு 1955-இல் அமெரிக்கா வந்த ஆண்ட்ரெட்டி, 1963-ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்தன்று நியூ ஜெர்சியின் ஃப்ளெமிங்டனில் ஒன்றும் பென்சில்வேனியாவின் ஹாட்ஃபீல்டில் இரண்டுமாக ஒரே நாளில் மூன்று மிட்ஜெட் பந்தயங்களை வென்றார். 1969-இல் இண்டியானாபொலிஸ் 500. 1978-இல் உலகச் சாம்பியன். சிலிர்க்க வைக்கும் வாழ்க்கைதான். ஆனால் அதனை மிட்ஜெட் பந்தயத்தின் பெருமையாகச் சொல்லும்போது, மிட்ஜெட் என்பது மேலே ஏறியவன் விட்டுச்சென்ற ஏணிப்படி என்றாகிவிடுகிறது. ஏறிப் போனவரால் படிக்குப் பெருமை. அந்தப் படியிலேயே நின்று, அதிலேயே வாழ்ந்து, அதனை ஒரு கலையாக ஆக்கியவர் என்ன ஆகிறார்? ஏற இயலாதவர் ஆகிறார்.

இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இந்த நோய் புதிதன்று. சிற்றிதழில் எழுதியவரைப் பற்றிப் பேசும்போது, அவர் பின்னாளில் எந்தப் பெரும் பத்திரிகைக்குப் போனார், எந்தத் திரைப்படத்துக்கு வசனம் எழுதினார் என்று கேட்பவர்களை நாம் அறிவோம். சிறுகதையை நாவலுக்கு முந்தைய பயிற்சி என்று கருதுகிறவர்களும் உண்டு. கடைசிவரை சிறுகதை மட்டுமே எழுதியவரிடம், எப்போது ஐயா பெரிதாக ஒன்று எழுதுவீர்கள் என்று கேட்பார்கள். வகுப்பறையில் மாணவர் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். சக ஆசிரியர் கேட்கும்போதுதான் சங்கடம்.

அளவு சிறிது என்பதால் தரமும் கீழ் என்று கொள்வதற்கு எதிரான மிகச் சுவையான சான்று 1959-இல் கிடைத்தது. அவ்வாண்டு இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றவர் ரோட்ஜர் வார்ட். ஜூலை மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ராக் தடத்தில் எவ்வகை வண்டியும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு பந்தயம் அறிவித்தார்கள். இடமும் வலமும் வளைந்து செல்லும், ஒன்றரை மைல் நீளச் சாலைத் தடம் அது. சக் டே ஃபார்முலா ஒன்றில் ஓடிய மாசெராட்டி 250எஃப் வண்டியோடு வந்தார். ஜார்ஜ் கான்ஸ்டன்டைன் ஆஸ்டன் மார்ட்டினோடு வந்தார். ஐரோப்பிய நுட்பத்தின் உச்சங்கள் அவை. வார்ட் கொண்டுவந்ததோ கர்ட்டிஸ்-கிராஃப்ட் பட்டறையில் பிறந்த பழைய மிட்ஜெட் ஒன்று. வலப்பக்கம் திரும்பவே பழகாத வண்டி அது என்று கேலி செய்யலாம். வென்றது வார்ட்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாட்டுப்புறக் கதையாகியிருக்கும். வார்ட் அத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தயத்துக்கே ஒரு மிட்ஜெட்டைக் கொண்டுபோனார். வளைவுகளில் ஃபார்முலா ஒன் வண்டிகளை மடக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. தகுதிச் சுற்றில் ஸ்டர்லிங் மாஸ் மூன்று நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்தார். வார்ட் அவரைவிட 43.8 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு கடைசியில் நின்றார். பந்தயத்தில் இருபது சுற்றோடு கிளட்ச் பழுதாகி விலகினார். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. செப்ரிங் பழைய விமானத் தளம், ஒரு சுற்று ஐந்து மைலுக்கும் மேல், நீண்ட நேர்ச்சாலைகள். கால் மைல் வட்டத்துக்குள் வெடித்துக் கிளம்புவதற்காகவே அமைந்த கியர், அங்கே மூச்சுத் திணறும். லைம் ராக்கின் குறுகிய, நெருக்கமான வளைவுகள் மிட்ஜெட்டுக்கு உகந்தவை, செப்ரிங் உகந்ததன்று. பந்தய எழுத்தாளர்கள் செப்ரிங்கை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எமக்கு அச்சிரிப்பில் உடன்பாடில்லை. வெண்பாவை எடுத்துக் காப்பியத்தோடு நிறுத்தி நீளம் போதவில்லை என்பவருக்கு என்ன விடை சொல்ல முடியும்? ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய களம் உண்டு. அக்களத்தில் அதனை வெல்ல மாசெராட்டியாலும் ஆகவில்லை என்பதே செய்தி.

அக்களத்திலேயே நின்றவர்களைப் பார்ப்போம். பில் ஷிண்ட்லர் 1936-இல் நேர்ந்த விபத்தொன்றில் இடது காலை இழந்தார். மற்றவராயின் அத்தோடு கதை முடிந்தது. அவர் திரும்பி வந்து, போருக்குப் பிந்தைய பொற்காலத்தில், ஒரே ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மிட்ஜெட் பந்தயங்களை வென்றார். 1950 முதல் 1952 வரை மூன்று முறை இண்டியானாபொலிஸ் 500-இலும் ஓடினார். அங்கே வெற்றி இல்லை. 1952 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஸ்பிரிண்ட் கார் பந்தயமொன்றில் உயிரிழந்தார். இண்டியானாபொலிஸ் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் ஷிண்ட்லர் மூன்று வரிகளில் அடங்கிவிடுவார். கிழக்குக் கடற்கரையின் சிறு தடங்களில் வாரந்தோறும் அவரைப் பார்க்க வந்த மக்களின் கணக்கு வேறு.

மெல் கென்யனின் கதை இன்னும் நெடியது. 1964-இல் முதன்முறை தேசிய மிட்ஜெட் சாம்பியனானவர் அவர். மறு ஆண்டு லாங்ஹார்ன் தடத்தில் பெரிய வண்டி ஒன்றை ஓட்டும்போது மோதி, தீயில் சிக்கினார். இடது கையின் விரல்கள் ஏறக்குறைய முழுவதும் போயின. ஸ்டீயரிங்கைப் பற்ற முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தந்தையும் சகோதரருமாகச் சேர்ந்து ஒரு கையுறையை வடிவமைத்தார்கள். அதன் உள்ளங்கையில் ஒரு குழி. ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு முளை. முளையில் குழியைப் பொருத்திக்கொண்டால் கை நழுவாது. எத்தனை எளிய யோசனை! 1966-இல் இண்டியானாபொலிஸ் 500-இல் அறிமுகமாகி ஐந்தாம் இடம் பெற்றார். 1967, 1968 ஆண்டுகளில் மீண்டும் மிட்ஜெட் சாம்பியன். 1968-இல் இண்டியானாபொலிஸில் மூன்றாம் இடம். பிறகு 1974, 1976, 1977. கடைசியாக 1985-இல், ஐம்பத்திரண்டாம் வயதில், ஏழாம் முறை. யுசாக் என்னும் அமெரிக்க மோட்டார்ப் பந்தயக் கழகத்தின் தேசிய மிட்ஜெட் பந்தயங்களில் மட்டும் அவர் வென்றவை 111.

கென்யனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'இண்டியானாபொலிஸை வெல்லாதவர்களுள் சிறந்தவர்' என்ற இரக்கத்தோடு முடிப்பார்கள். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் பார்க்கலாம்: இண்டியானாபொலிஸை வென்றவர்களுள் ஏழு முறை மிட்ஜெட் சாம்பியனானவர் ஒருவரேனும் உண்டா? இல்லை. பெரிய தடத்திலும் ஓடத் தெரிந்த ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிய தடத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பி வந்ததை இயலாமை என்று படிப்பது வாசிப்பின் குறை.

ஓட்டுநர்களோடு நின்றால் வரலாறு பாதிதான். ஃபிராங்க் கர்ட்டிஸ் குரோவேசியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன். கொலராடோவின் சுரங்க ஊரொன்றில் பிறந்தவர். அவருடைய கர்ட்டிஸ்-கிராஃப்ட் பட்டறையிலிருந்து, முழு வண்டியாகவும் வாங்கியவர் தாமே பொருத்திக்கொள்ளும் பாகங்களாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிட்ஜெட்டுகள் வெளியேறின. அங்கே கற்றதைக் கொண்டே பெரிய வண்டிகளும் கட்டினார். 1950, 1951, 1953, 1954, 1955 ஆகிய ஐந்து ஆண்டுகளின் இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றவை அவர் வண்டிகள். ஃப்ரெட் ஆஃபன்ஹவுசர் 1930-களின் நடுவில் மிட்ஜெட்டுக்கென்றே உருவாக்கிய இன்ஜின் ஏறத்தாழ 1.6 லிட்டர் அளவு. அதன் வரைபடம் லியோ கூசனுடையது. பந்தயக்காரர்கள் செல்லமாக 'ஆஃபி' என்று அழைத்த அந்த இன்ஜினை வாங்கும் வசதியில்லாதவர்கள் சிறிய ஃபோர்டு வி8 இன்ஜினோடு மல்லுக்கு நின்றார்கள். ஆஃபி வைத்திருப்பவன் பணக்காரன், ஃபோர்டு வைத்திருப்பவன் ஏழை. பந்தயக் களத்திலும் வர்க்கம் இருந்தது. சன் பிரெய்ரியின் புகழ் மண்டபத்தில் ஓட்டுநரல்லாதவர்களுள் முதலாவதாக இடம்பெற்றவர் கர்ட்டிஸ் என்பது அம்மண்டபத்தின் மீது எமக்கு மதிப்பை உண்டாக்குகிறது.

மதிப்பு இருக்கட்டும், நெருடலும் உண்டு. இப்புகழ்ப் பட்டியல்களை ஒரே மூச்சில் வாசித்தால் இறந்த ஆண்டுகள் கண்ணை உறுத்தும். பலர் தடத்திலேயே இறந்தார்கள். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு பொருத்துவது 1970-களில்தான் பரவலாயிற்று. அதற்கு முன் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையே தரையில் முதலில் படும். கூண்டை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அது வீரத்துக்கு இழுக்கு, வண்டியின் அழகுக்கும் இழுக்கு என்றார்கள்.

ரிச் வோக்லர் ஐந்து முறை தேசிய மிட்ஜெட் சாம்பியன். அவருடைய தந்தை டான் வோக்லரும் மிட்ஜெட் ஓட்டியவர். 1981-இல் இண்டியானாபொலிஸ் ஸ்பீட்ரோம் என்னும் சிறு தடத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். மகன் நிறுத்தவில்லை. 1987-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில், கூரையின் கீழ் களிமண் கொட்டித் தொடங்கிய 'சில்லி பவுல்' என்னும் பந்தயத்தின் முதல் வெற்றியாளர் அவரே. 1990 ஜூலை 21 அன்று, தம் நாற்பதாம் பிறந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பு, இண்டியானாவின் சேலம் தடத்தில் ஸ்பிரிண்ட் கார் பந்தயமொன்றில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தார். முடிய இரண்டு சுற்றுக்கும் குறைவு. மோதி இறந்தார். பந்தயம் நிறுத்தப்பட்டது, அதற்கு முன் முடிந்த சுற்றின் வரிசையே இறுதி என்னும் விதிப்படி வெற்றி அவருக்கே அறிவிக்கப்பட்டது. அந்தப் பந்தயத்தின் பெயர் என்ன தெரியுமா? ஜோ ஜேம்ஸ், பாட் ஓ'கானர் நினைவுப் பந்தயம். 1952-லும் 1958-லும் பந்தயத் தடங்களில் இறந்த இருவரின் நினைவாக நடத்தப்பட்டது. இறந்தவர்களைப் போற்ற ஓடிய பந்தயத்தில் இன்னொருவர் இறந்தார்.

இதனை வாசித்தபோது எமக்கு நடுகற்கள் நினைவுக்கு வந்தன. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் பெயர் மட்டுமன்று. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் தொறு கவர்ந்தார்கள், யாருக்காகப் பொருது வீழ்ந்தான் என்பனவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதாவது சாவுக்குக் காரணம் கல்லிலேயே உண்டு. மோட்டார்ப் பந்தய உலகின் அஞ்சலிகளிலோ, தாம் நேசித்ததைச் செய்தபடியே மறைந்தார் என்ற ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. சுவர் எப்படி இருந்தது, வண்டி எந்நிலையில் இருந்தது, அந்த இரவின் பரிசுத் தொகை எவ்வளவு, மறுநாள் அக்குடும்பம் எதை நம்பி இருந்தது என்ற கேள்விகள் அவ்வாக்கியத்துக்குள் புதைகின்றன. வீரத்தைப் போற்றுவதும் கேள்வியை மூடுவதும் ஒன்றல்ல. போற்றுகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது, புகழ் மண்டபம் பந்தயம் நடத்துவோருக்கு வசதியான ஓர் ஏற்பாடாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

பட்டியலில் வர முடியாதவர்களின் கதையும் உண்டு. ராஜோ ஜாக் என்ற பெயரில் ஓட்டிய டூயி கட்சன் 1905-இல் டெக்சஸில் பிறந்த கறுப்பினத்தவர். அக்காலத்தில் பெரிய பந்தயங்களை ஆண்ட அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் கறுப்பின ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே இண்டியானாபொலிஸ் அவருக்கு இல்லை. சங்கத்தின் அதிகாரத்துக்கு வெளியே நடந்த பந்தயங்களில், கிடைத்த வகை வண்டியிலெல்லாம் ஓட்டினார். 1956-இல் இறந்தார். தேசிய ஸ்பிரிண்ட் கார் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2007-இல். இடையில் அரை நூற்றாண்டு. வென்ற பந்தயங்களை எண்ணி ஒருவரைப் பெரியவர் என்று தீர்மானிக்கும் முறையில், ஓடவே விடப்படாத பந்தயங்களுக்கு இடமில்லை. ஏணி எல்லோருக்கும் பொதுவாகச் சாத்தப்பட்டிருந்தது போலவும் சிலர் ஏறினர் சிலர் ஏறவில்லை என்பது போலவும் எழுதப்படும் வரலாற்றில் ராஜோ ஜாக்கை எங்கே வைப்பது?

போற்றுதல் வேறு விதமாகவும் நிகழ முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. பிரையன் கிளாசன் 1989-இல் பிறந்தவர். 2014-இல் சில்லி பவுலை வென்றவர். 2016-ஆம் ஆண்டில் மட்டும் இருநூறு பந்தயங்கள் ஓடுவதென்று கிளம்பினார். கிறுக்குத்தனம் என்று அவரே பெயர் சூட்டிய பயணம் அது. அவ்வாண்டு மே மாதம் பகலில் இண்டியானாபொலிஸ் 500-இல் ஓடி, மூன்று சுற்றுகள் முன்னணியிலும் இருந்தார். அன்றிரவே கோகோமோ என்ற சிற்றூரின் மண் தடத்துக்குப் போய் ஸ்பிரிண்ட் கார் பந்தயமொன்றை வென்றார். உலகின் மிகப் பெரிய பந்தயத்திலிருந்து இறங்கி, கைகால் கழுவிக்கொண்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் போயிருக்கிறார். இதனை ஏணிக் கணக்கில் எப்படி எழுதுவது என்று எமக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6 அன்று கன்சாஸின் பெல்வில் தடத்தில், மிட்ஜெட் பந்தயத்தில் முன்னணியில் செல்கையில் விபத்து. மறுநாள் இறந்தார், வயது 27. அவர் உறுப்புதானத்துக்குப் பதிவு செய்திருந்தவர். அவருடைய உறுப்புகளால் ஐவர் உயிர் பிழைத்தனர். குடும்பத்தாரும் பந்தய உலகத்தாரும் அதன்பின் அவர் பெயரால் உறுப்புதானப் பதிவை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்தனர். 2018-இல் இண்டியானாபொலிஸ் மாபெரும் தடத்தின் மூன்றாம் வளைவுக்கு உட்புறத்தில் கால் மைல் மண் தடமொன்று அமைத்து, அங்கே மிட்ஜெட் பந்தயம் தொடங்கினார்கள். பெயர் 'பிசி39': அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அவர் வண்டியின் எண்ணும். கிளாசனுக்கான அஞ்சலியிலும் வீரப் புகழ்ச்சி இல்லாமலில்லை. ஆயினும் அந்தப் புகழ்ச்சியால் முகமறியாத நோயாளி ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைக்க வழி பிறக்கிறதே, அது பெரிது.

எம் கையில் அதிகாரமிருந்தால் புகழ் மண்டபங்களிடம் கேட்க ஒன்றிரண்டு கோரிக்கைகள் உண்டு. மெல் கென்யனின் பெயருக்குக் கீழே அக்கையுறையை வடித்த தந்தையின் பெயரும் சகோதரரின் பெயரும் இருக்க வேண்டும். இறந்தவரின் பெயரோடு, அவர் இறந்த பின் அந்தத் தடத்திலோ விதியிலோ எது மாற்றப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். ஒன்றும் மாற்றப்படவில்லையெனில் அதுவும் எழுதப்பட வேண்டும். சேர்க்கப்பட்டவரின் பெயரோடு, ஏன் இத்தனை ஆண்டு தாமதம் என்ற ஒரு வரியும் வேண்டும். 'பின்னாளில் இன்ன பந்தயத்தை வென்றார்' என்பதை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடலாம்.

ஏணிக் கணக்கை ஓட்டுநர்களே இப்போது தலைகீழாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜனவரி தோறும் டல்சாவின் சில்லி பவுலுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்து சேர்கின்றன. கைல் லார்சன் நாஸ்காரின் உச்சியில் ஓட்டுபவர். கோடிகளில் ஊதியம் பெறுபவர். அவர் பலமுறை முயன்று 2020-இல்தான் முதன்முறை சில்லி பவுலை வென்றார். வென்ற களிப்பில், தாம் இதுவரை பெற்ற வெற்றிகளுள் இதுவே மிகப் பெரியது என்று மைக்கில் கூறி, நாஸ்காரிடமும் டேடோனாவிடமும் அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நாஸ்கார் ரசிகர்கள் சிலர் சினந்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அவர் மீண்டும் டல்சாவுக்கு வந்தார், வென்றார். 2025-இலும்.